மறவாப் பலகை

ஊர்த் திருவிழாவில் இரவு இன்னிசை நிகழ்ச்சி நடைபெறும்பொழுது, கூடியுள்ளோர் கண்கள் அனைத்தும் மேடையையே நோக்கியிருக்கும். பாடுவோரும், குழல் ஊதுவோரும், தாளம் கொட்டுவோரும் விளக்கொளியில் விளங்குவர். மேடைக்கு எதிரே, கூட்டத்தின் நடுவே, கழிகளால் வளைத்த சிறு இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் முகத்தில் விளக்கொளி படுவதில்லை. அவர் பெயரை அறிவிப்பாளர் கூறுவதும் அரிது. எனினும், மேடையில் எழும் ஒவ்வோர் ஒலியும் அவர் கைவழியாகவே மக்கள் செவிக்குச் செல்கின்றது. நிகழ்ச்சி இனிது நடந்தால் மக்கள் பாடகரைப் புகழ்வர். இடையே ஒலிபெருக்கி 'வீல்' என்று ஊளையிட்டால், அனைவரும் ஒருங்கே திரும்பி அவரைப் பார்ப்பர்.

அவர் முன்னே இருக்கும் கருவியே ஒலிக் கலவைப் பலகை. தொழில் செய்வோர் இதனை மிக்சர் என்பர். அப்பெயரைக் கேட்டவுடன், ஓமப்பொடியும் காராபூந்தியும் வேர்க்கடலையும் கலந்து பலகாரக் கடையில் விற்கும் தின்பண்டம் நினைவிற்கு வருதல் இயல்பே. பெயர்ப் பொருத்தத்தில் பிழையொன்றும் இல்லை. இரண்டும் கலவையே. ஒன்றில் உப்பும் காரமும் அளவறிந்து நிற்றல் வேண்டும். மற்றொன்றில் குரலும் குழலும் முழவும் அளவறிந்து நிற்றல் வேண்டும்.

மைக்கின் முன் ஒருவர் பாடும்பொழுது அவர் குரலின் அதிர்வு மிக நுண்ணிய மின்னோட்டமாக மாறுகின்றது. அம்மின்னோட்டம் ஒலிபெருக்கியை இயக்கும் வலிமை உடையதன்று. அதனை முதலில் தக்க அளவிற்கு உயர்த்துதல் வேண்டும். அதில் கனமான ஒலி மிகுந்திருந்தால் குறைத்தலும், கூர்மையான ஒலி குன்றியிருந்தால் கூட்டலும் வேண்டும். பின்னர் ஏனைய மைக்குகளிலிருந்து வரும் ஒலிகளோடு அளவாகச் சேர்த்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புதல் வேண்டும். இவையெல்லாம் மிக்சரின் பணிகள். ஒவ்வொரு மைக்கிற்கும் அதில் தனித்தனி வழி உண்டு. அவ்வழியைச் சேனல் என்பர். சேனலின் அடியில் மேலும் கீழும் தள்ளத்தக்க ஒரு சறுக்குக் குமிழ் இருக்கும். அதற்கு ஃபேடர் என்று பெயர். மேலே தள்ளினால் ஒலி வளரும். கீழே இழுத்தால் ஒலி தேயும்.

மைக் வருவதற்கு முன்னர் நாடக மேடையில் பாடியோர் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்குமாறு உச்சக் குரலிலேயே பாட வேண்டியிருந்தது. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) அத்தகைய குரலாற் பெரும்புகழ் பெற்றவர். மெல்லிய குரல் உடையோர், எத்துணை இனிமையாகப் பாட வல்லவராயினும், அக்கால மேடையில் நிலைபெறுதல் அரிதாயிருந்தது. மைக்கும் ஒலிபெருக்கியும் வந்து அக்குறையைப் போக்கின. குரலின் வலிமை இனிப் பாடகரின் நெஞ்சில் மட்டும் இல்லை; மிக்சருக்குப் பின்னால் நிற்பவரின் கையிலும் இருக்கின்றது. ஒருவர் பல்லாண்டு பயின்ற இசையைக் கெடுக்கவும் விளக்கவும் வல்லது அக்கை. ஆதலின் அவர் பணியைச் சிறு பணி என்று கருதுதல் தகாது.

பழைய மிக்சரில் ஒரு சேனலுக்குப் பதினைந்து குமிழ்கள் இருப்பதாகக் கொள்க. முப்பத்திரண்டு சேனல்களுக்கு 480 குமிழ்கள் ஆகும். ஒலி அமைப்பாளர் மாலையிலேயே வந்து, பாடகரையும் பக்கவாத்தியக்காரரையும் ஒவ்வொருவராக ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு குமிழையும் செவியால் அளந்து திருப்பி வைப்பார். மிருதங்கத்தின் தொப்பி முழங்க வேண்டும். ஆயின் அம்முழக்கம் வயலினை விழுங்கிவிடுதல் ஆகாது. பாடகியின் குரல் தெளிய வேண்டும்; ஆயின் 'ச'கரம் சீறுதல் கூடாது. இரண்டு மணி நேரம் உழைத்து இவற்றையெல்லாம் ஒழுங்குசெய்து முடித்தபின் என்ன நிகழும்? ஒரே மேடையில் முதலில் நாகசுரம், பின்னர்ப் பட்டிமன்றம், அதன்பின் மெல்லிசை என்று மூன்று நிகழ்ச்சிகள் இருக்கும். பட்டிமன்றத்திற்காகக் குமிழ்களைத் திருப்பினால் மெல்லிசைக்கு அமைத்தவை அனைத்தும் அழிந்துபோகும். இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே கிடைப்பதோ பத்து நிமிடம். குமிழ்கள் நின்ற நிலைகளைத் தாளில் படம் வரைந்து வைத்துக்கொள்வோர் உண்டு. வெள்ளை நாடாவை ஒட்டி அதன்மேல் கோடு கிழித்து வைப்போரும் உண்டு. அவ்வாறு செய்தும், பத்து நிமிடத்தில் 480 குமிழ்களைப் பழைய நிலைக்குக் கொணர்தல் மனிதரால் இயலுவதன்று. முதற்பாட்டு முழுவதும் தடுமாற்றத்திலேயே கழியும். கூட்டத்தார் முகம் சுளிப்பர். விழாக் குழுவினர் அடுத்த ஆண்டு வேறு சவுண்டு சர்வீஸ்காரரைத் தேடுவர். கடன் பெற்றுக் கருவிகள் வாங்கித் தொழில் நடத்துவோர்க்கு அது பேரிழப்பாகும்.

இத்துன்பத்தைத் தீர்த்தது எண்முறை மிக்சர். வழக்கில் இதனை டிஜிட்டல் மிக்சர் என்பர். ஒலியை எண்ணாக மாற்றுதலே இதன் அடிப்படை. ஆற்றில் வெள்ளம் ஏறி இறங்குவதை அறிய, பாலத்தின் தூணில் அடையாளமிட்டு, மணிக்கு ஒரு முறை நீர்மட்டத்தை ஏட்டில் குறிப்பவரை எண்ணிப் பார்க்கலாம். அவ்வேடு வெள்ளமன்று, வெள்ளத்தின் கணக்கு. ஆயினும் அக்கணக்கைக் கொண்டு வெள்ளத்தின் போக்கை மீண்டும் வரைந்துவிடலாம். டிஜிட்டல் மிக்சர் மைக்கிலிருந்து வரும் மின்னலையை ஒரு நொடியில் 48,000 முறை இவ்வாறு அளக்கின்றது. அளவுகோலில் உள்ள படிகளோ 1,67,77,216. இரண்டை இருபத்து நான்கு முறை பெருக்கினால் வரும் தொகை இது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை அதிர்வுகளை உடைய ஒலிகளையே கேட்கவல்லது. ஓர் அதிர்வை மீட்டு வரைய, அதனை இருமுறைக்கு மேல் அளந்தாற் போதும் என்பது கணக்கியலார் கண்ட உண்மை. ஆதலின் நொடிக்கு 48,000 முறை அளந்தால், செவி கேட்கும் ஒலி எதுவும் விடுபடுவதில்லை.

ஒலியை இவ்வாறு எண்ணாற் குறிக்கும் முறையை அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலார் பாரிஸ் நகரில் பணியாற்றியபொழுது கண்டறிந்து 1938-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் எண்ணியது தொலைபேசியைப் பற்றியே. அக்காலத்து மின்குழல்களைக் கொண்டு அதனை எளிதிற் செயற்படுத்த இயலவில்லை. பின்னர்ச் சிறிய மின்னணுச் சில்லுகள் தோன்றியபொழுதுதான் அவர் கருத்துப் பெரும்பயன் தந்தது. 1987-இல் ஜப்பானிய யமஹா நிறுவனம் டி.எம்.பி. 7 என்னும் சிறு டிஜிட்டல் மிக்சரை வெளியிட்டது. அதன் ஃபேடர்கள் மோட்டாரால் இயங்கின. 1995-இல் அந்நிறுவனம் வெளியிட்ட 02ஆர் என்னும் மிக்சர் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இடம்பெற்றது. 2012-இல், ஜெர்மனியில் தோன்றிய பெரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ் 32 வெளிவந்தது. முப்பத்திரண்டு மைக்குகளை ஏற்கும் அம்மிக்சரின் விலை, அதற்கு முன்னிருந்த பெரிய டிஜிட்டல் மிக்சர்களின் விலையை நோக்க மிகக் குறைவு. ஆதலின் பெருநிறுவனத்தார் மட்டுமே ஆண்டுவந்த கருவி, ஒரு வேனும் நான்கு பணியாளரும் உடைய சிறு சவுண்டு சர்வீஸ்காரரின் கைக்கும் எட்டியது.

இக்கருவியை வாங்கியோர் அதில் காணும் இன்பம் யாது? புதுமையே இன்பம் என்று சிலர் கருதலாம். புதுமை ஒரு மாதத்தில் பழமையாகிவிடும். அவர்கள் ஆண்டுக்கணக்கில் மகிழ்ந்து பேசுவது வேறொன்றைப் பற்றி. இக்கருவிக்கு நினைவு உண்டு. எண்ணாக மாறியது எதனையும் எழுதிவைக்கலாம் அன்றோ? ஒலி எண்ணாவது போலவே ஒவ்வொரு குமிழின் நிலையும் இதன் உள்ளே எண்ணாகவே நிற்கின்றது. மாலையில் செவி வருந்தி அமைத்த அமைப்பு முழுவதையும் ஒரு பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம். இதனைச் சீன் என்பர். நாகசுரத்திற்கு ஒரு சீன், பட்டிமன்றத்திற்கு ஒரு சீன், மெல்லிசைக்கு ஒரு சீன். பட்டிமன்ற நடுவர் தீர்ப்புக் கூறி வணங்கியதும், ஒரு பொத்தானை அழுத்தினால், மெல்லிசைக்காக மாலை ஐந்து மணிக்கு அமைத்த நிலை இரவு பத்து மணிக்கு மாறாமல் வந்து நிற்கும். அப்பொழுது ஃபேடர்கள் யாரும் தொடாமலே சரசரவென்று தம் இடங்களுக்கு ஓடுவதைக் காணலாம். எக்ஸ் 32-இல் இத்தகைய மோட்டார் ஃபேடர்கள் 25 உள்ளன. ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் நீளம் ஓடும். முதன்முறை காணும் சிறுவர், பேய்தான் நகர்த்துகின்றது என்று வியப்பர். பல்லாண்டு தொழிலில் ஊறிய முதியோரும் அக்காட்சியை மற்றொரு முறை காண்பதற்காகவே பொத்தானை அழுத்திப் பார்ப்பதுண்டு. அச்சிறு மகிழ்ச்சியை இகழ வேண்டுவதில்லை.

நினைவின் பயன் ஓரிரவோடு முடிவதன்று. ஒரு மெல்லிசைக் குழுவினர் மாதத்தில் பல ஊர்களில் பாடுவர். அவர்களுடன் செல்லும் ஒலி அமைப்பாளர், முதல் ஊரில் அமைத்ததை இரண்டாம் ஊரில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பாடகி அதே பாடகி. மைக் அதே மைக். ஆதலின் அவர் குரலுக்கு அமைத்தது பெரும்பாலும் பொருந்தும். மாறுவது இடமே. சுவரும் கூரையும் உள்ள திருமண மண்டபம் ஒலியை எதிரொலிக்கும். திறந்த வெளியோ விழுங்கும். மண்டபத்தில் ஆள் நிறைந்தால் அவர்தம் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுதலின் எதிரொலி குறையும். வெறும் மண்டபத்தில் மாலையில் அமைத்தது நிறைந்த மண்டபத்தில் இரவில் அவ்வாறே ஒலிப்பதில்லை. எனவே, சேமித்து வைத்தது முடிவன்று, தொடக்கமே. ஆயின் வெறும் பலகையிலிருந்து தொடங்குவதற்கும், முக்காற் பங்கு முடிந்த இடத்திலிருந்து தொடங்குவதற்கும் எத்துணை வேறுபாடு! முன்னர்க் குமிழ் திருகுவதிற் கழிந்த இரண்டு மணி நேரம் இப்பொழுது கேட்பதற்குக் கிடைக்கின்றது. ஒலி அமைப்பாளர்க்குக் கேட்டலே தலைமையான தொழில். கைக்கு ஓய்வு கிடைத்ததனால் செவிக்கு வேலை கிடைத்தது.

மேடையில் இருப்போர்க்கு வேறொரு தேவை உண்டு. மக்களை நோக்கிய ஒலிபெருக்கிகள் மேடைக்கு முன்னே நிற்றலின், பாடுவோர்க்குத் தம் குரலே தெளிவாகக் கேட்பதில்லை. அதற்காக அவர்களை நோக்கி மானிட்டர் என்னும் சிறு ஒலிபெருக்கிகளை வைப்பர். பாடகி தம் குரலையும் சுருதியையும் கேட்க விரும்புவார். தபலாக்காரர் பாடகியைக் கேட்க விரும்புவார். கீபோர்டுக்காரர் தம்மையே கேட்க விரும்புவார். இவ்வொவ்வொருவர்க்கும் தனித்தனிக் கலவை செய்து அனுப்புதல் வேண்டும். தம் குரல் தமக்குக் கேளாத பாடகர் சுருதி விலகுவர். குரலை வலிந்து எழுப்பித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வர். பழைய சிறு மிக்சர்களில் நான்கைந்து கலவைகளே செய்ய இயலும். எக்ஸ் 32-இல் பதினாறு கலவைகள் செய்யலாம். அன்றியும், பாடுவோர் தம் கைப்பேசியிலேயே தம் மானிட்டரின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். 'அண்ணே, என் குரலைக் கொஞ்சம் ஏற்றுங்கள்' என்று பாட்டின் நடுவே கைகாட்டும் வழக்கம் இதனாற் குறைந்தது.

ஒலிபெருக்கி ஊளையிடுவது எதனால் என்பதையும் இங்கே அறிதல் நலம். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கிற் புகுந்து, மிக்சரில் வளர்ந்து, மறுபடியும் ஒலிபெருக்கியில் வெளிவந்து, மேலும் வளர்ந்து மைக்கிற் புகும். இச்சுழற்சியை ஃபீட்பேக் என்பர். அது எல்லாச் சுரத்திலும் எழுவதில்லை. இடத்திற்கும் மைக்கிற்கும் ஏற்ப ஏதேனும் ஒரு குறிப்பிட்ட சுரத்திலேயே எழும். பழைய முறையில் ஒலியின் மட்டத்தை முழுவதும் குறைத்தே அதனை அடக்குவர்; பாட்டும் உடன் தேய்ந்துபோகும். டிஜிட்டல் மிக்சரின் திரையில் எந்தச் சுரம் மிகுகின்றது என்பது கோட்டுப் படமாகத் தோன்றும். அந்த ஒரு சுரத்தை மட்டும் ஊசிமுனை போல் குறுக்கிக் குறைத்துவிடலாம். களை நெல்லோடு நின்றால் களையை மட்டும் பறிப்பது போன்றது இது.

தொலைவில் இருப்போர்க்கான உதவி மற்றொன்று. ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தொலைவில் உள்ளோர்க்கு மேடை ஒலி பத்தில் ஒரு பங்கு நொடி கழித்தே சென்று சேரும். அவர்களுக்காக அருகிலேயே வேறொரு ஒலிபெருக்கி வைத்தால், கம்பியில் மின்னோட்டம் கணநேரத்தில் ஓடிவிடுதலின், அதன் ஒலி முதலிலும் மேடை ஒலி பின்னரும் கேட்கும். ஒரே சொல் இருமுறை ஒலித்துப் பேச்சுக் குழம்பும். பெருங்கூட்டங்களில் பின்வரிசையில் நின்றோர் இதனை நன்கு அறிவர். டிஜிட்டல் மிக்சரில் தொலைவு ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலியைப் பத்தில் ஒரு பங்கு நொடி பொறுத்து அனுப்புமாறு கட்டளையிட்டாற் போதும். இரண்டும் ஒருங்கே வந்து சேரும். எண்களைச் சிறிது நேரம் நினைவில் நிறுத்திப் பின்னர் வெளிவிடுதல் கணினிக்கு எளிது. பழைய மிக்சர்க்கு இதனைச் செய்யத் தனிக் கருவி வேண்டும்.

தனிக் கருவி என்றவுடன் பழைய வேனின் சுமை நினைவிற்கு வரும். எக்கோ கொடுக்க ஒரு பெட்டி, திடீரென்று எழும் பேரொலியை அடக்க ஒரு பெட்டி, சுரங்களைத் திருத்த ஒரு பெட்டி என்று அடுக்கடுக்காகக் கொண்டுசெல்வர். அவை அனைத்தும் இப்பொழுது மிக்சரின் உள்ளே கணக்குகளாக அடங்கிவிட்டன. மேடைக்கும் மிக்சருக்கும் இடையே, முப்பது நாற்பது செப்புக் கம்பிகளை உள்ளடக்கிய, மலைப்பாம்பு போன்ற தடித்த கேபிளை இழுத்துச் செல்வர். மழையில் நனைந்தால் அதனைச் சுருட்டுதல் இருவர்க்கும் பெரும்பாடு. இப்பொழுது மேடையில் ஒரு பெட்டியை வைத்து, அதிலிருந்து கணினிகளை இணைக்கும் மெல்லிய கேபிள் ஒன்றை இழுத்தாற் போதும். எண்கள் வரிசையாக அதனூடே ஓடும். முதுகு வலித்தோர்க்கே இதன் அருமை தெரியும்.

மிக்சரைக் கையடக்க டேப்லெட்டாலும் இயக்கலாம் என்பது மற்றொரு வசதி. முன்னர் ஒலி அமைப்பாளர் தாம் நின்ற இடத்தில் கேட்பதையே ஊரார் அனைவரும் கேட்பதாகக் கொள்ள வேண்டியிருந்தது. அது உண்மையன்று. தூணுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு எவ்வாறு கேட்கின்றது என்பதை அவர் அருகில் சென்றாலன்றி அறிய இயலாது. இப்பொழுது டேப்லெட்டைக் கையிலேந்திக் கூட்டத்தின் ஓரமாக நடந்து, அங்கங்கே நின்று கேட்டு, அங்கிருந்தே திருத்தலாம்.

இவையெல்லாவற்றினும் கற்போர்க்கு மிக்க பயன் தருவது ஒன்று உண்டு. மிக்சரோடு ஒரு கணினியை இணைத்தால் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கலவாமல் தனித்தனியே பதிவு செய்துகொள்ளலாம். எக்ஸ் 32-இல் 32 தடங்கள் இவ்வாறு பதியும். மறுநாள் அப்பதிவை அதே சேனல்களின் வழியே மீண்டும் செலுத்தினால், பாடகரும் வாத்தியக்காரரும் மேடையில் இருப்பது போலவே மிக்சர் கருதும். ஃபேடரைத் தள்ளினால் வயலின் வளரும். குமிழைத் திருப்பினால் கடத்தின் ஒலி கனக்கும். முன்னாள் இரவு பாடகியின் குரல் ஏன் மங்கியது என்பதை அமைதியாக ஆராயலாம்; ஒரே வரியை நூறு முறை கேட்டுத் திருத்தலாம். பழங்காலத்தில் இத்தொழிலைக் கற்க விரும்பிய இளைஞர் யாரிடம் பழகுவது? கச்சேரி நடக்கும்பொழுது குமிழைத் தொட ஆசான் விடார், விடுதலும் முறையன்று. கச்சேரி முடிந்தபின்னரோ பழக இசையே இராது. பல்லாண்டு கேபிள் சுருட்டிய பின்னரே ஃபேடரைத் தொடும் பேறு கிடைக்கும். இப்பொழுது, கடையின் பின்னறையில், பகற்பொழுதில், யார்க்கும் தீங்கின்றிப் பிழை செய்து பிழை செய்து பழகலாம். தம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகளை இவ்வாறு பயிற்றுவிக்கும் உரிமையாளர் இதனையே இக்கருவியின் முதற்பயன் என்று கூறினால் அது மிகையாகாது.

குறைகளும் உண்டு. பழைய மிக்சரில் 480 குமிழ்களும் கண்முன் பரந்து கிடக்கும். எது எங்கே என்று கை அறியும். புதியதில் ஒரே குமிழ் பல வேலை செய்யும். எந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்திருக்கின்றதோ அதற்கே அது பணிபுரியும். பதற்றத்தில் பாடகரின் ஒலியைக் கூட்டுவதாக நினைத்துத் தவிலின் ஒலியைக் கூட்டிவிடுதல் எளிது. இக்குறை பழக்கத்தால் தீரும். மின்தடையால் வரும் குறை அவ்வாறு தீர்வதன்று. மின்சாரம் போய் வந்தால், பழைய மிக்சர் வந்த நொடியே பேசும். புதியது கணினியாதலின் விழித்தெழச் சிறிது நேரம் வேண்டும். அந்நேரம் முழுவதும் மேடை ஊமையாக நிற்கும். ஆதலின் அறிவுடைய உரிமையாளர் மிக்சருக்கென்று தனி யு.பி.எஸ். வைப்பர்.

அளவிற்கு மிஞ்சிய ஒலியை இக்கருவி சிறிதும் பொறுப்பதில்லை. பழைய கருவியில் ஒலி எல்லை கடந்தால் மெல்ல மெல்லக் கரகரக்கும். அஃது ஓர் எச்சரிக்கை. புதியதில் அளவுகோலின் கடைசிப் படிக்கு மேல் எண்ணே இல்லை. மரக்காலின் விளிம்பிற்கு மேல் கொட்டிய நெல் சரிந்து விழுவது போல, எல்லை கடந்த அலையின் உச்சி வெட்டுண்டு போகும். ஒலி திடீரென்று வெடித்துச் சிதறும். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டத்தை முதலில் உயர்த்தும் பகுதி இன்றும் எண்முறையில் அமைந்ததன்று. அங்கே அளவு தவறினால், பின்னர் எந்தக் கணக்காலும் அதனைச் சரிசெய்ய இயலாது. மைக்கை வாயினின்று ஒரு முழம் விலக்கிப் பிடித்துப் பாடுவோர்க்கும், உடைந்த ஒலிபெருக்கிக்கும் இதன் நினைவாற்றல் உதவப்போவதில்லை.

ஒலியை எண்ணாக்கி, கணக்கிட்டு, மீண்டும் ஒலியாக்குவதற்குச் சிறிது நேரம் ஆகாதோ என்று வினவலாம். ஆகும், ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கு ஆகும். அந்நேரத்தில் காற்றில் ஒலி ஓரிரு முழமே செல்லும். பாடகர் ஓரடி பின்னே நகர்ந்து நின்றதற்கு ஒப்பானது அத்தாமதம். கேட்போர் அதனை உணர்வதில்லை.

நள்ளிரவில் மங்களம் பாடி முடிந்ததும் கூட்டம் கலையும். பணியாளர் மைக்குகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவர்; கேபிள்களைச் சுருட்டுவர். ஒலி அமைப்பாளர் மட்டும் மிக்சரின் திரைமுன் சிறிது நேரம் நிற்பார். அன்றைய அமைப்பிற்கு ஊரின் பெயரையும் நாளையும் எழுதிச் சேமித்து, அதன் படி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் இட்டுக்கொள்வார். பின்னரே மின்சாரத்தை நிறுத்துவார்.